ஞாயிற்றுக்கிழமைப் பெயர்கள்

தில்லைத்துறை,
படுவான்கரை.
2025 பெப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் இல்லாத இந்த ஆறு மாதத்தில் நம் வீட்டிலும் சபையிலும் நடக்கும் எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதி வைப்பேன் என்று இந்த முதற் கடிதத்திலேயே வாக்குத் தருகிறேன். பொலிஸ் பயிற்சிக் கல்லூரிக்குத் தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்றதும் அம்மா அழுதா. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கடிதம் எழுத எனக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டதே!

ஆண்டவருடைய தயவால் நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் நோகிறது, வெயில் வந்தால் மறந்துவிடுகிறது. புதுச் சப்பாத்து உங்கள் காலைக் கடிக்கிறதா?

நேற்று ஆராதனைக்கு முன் அப்பா ஜெபத்தில் வாசிக்கும் பெயர்க் கொப்பியை என்னிடம் தந்தார். “இது அக்காட வேலை. இனி உன்ட” என்றார். ஜனாதிபதியில் தொடங்கி, பிரதேச செயலாளர், பொலிஸ் பொறுப்பதிகாரி, கடைசியில் நம் கிராம அலுவலரான விதானையார் வினாயகமூர்த்தி வரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இடமாற்றம் பெற்றுப் போனவர்களைச் சிவப்புக் கோடு போட்டு வெட்டி, வந்தவரின் பெயரைத் திகதியோடு நீங்கள் எழுதியிருந்தது பார்க்க வடிவாக இருந்தது.

பொலிசாரின் வரியில் பக்கத்து வீட்டு இரத்தினம்மா மாமி வாயை மூடிக்கொண்டா. அது வழக்கம்தான். சண்டைக் காலத்தில் மாமாவை விசாரிக்கவென்று ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள் இன்றுவரை திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. ஆனால் நேற்று நான் அந்த வரிக்குக் கீழே ‘பயிற்சியில் இருக்கும் எங்கள் பிரஷாந்தி’ என்று நானாகவே எழுதி வைத்திருந்தேன். அதற்கும் மாமி தரையைத்தான் பார்த்தா. உங்களைத் தூக்கி வளர்த்தவ அல்லவா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். “விடு புள்ள. ஆமென் கேட்டு வாங்கிற சாமானில்ல” என்றார்.

அம்மா கருவாடு அனுப்பலாமா என்று கேட்கச் சொன்னா.

உங்கள் பாதங்களையும் நினைத்து ஜெபிக்கும்,
தங்கை நிருஷா


2025 பெப்ரவரி 22

அன்பான தங்கச்சிக்கு,

நான் சுகம். சாப்பாடு நல்லது, நித்திரை நல்லது, சப்பாத்தும் நல்லது என்று அம்மாவிடம் சொல். கருவாடு வேண்டாம். பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் அதைத் திறந்தால் நான் தனியாகிவிடுவேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் முப்லிஹா. அவள் விடியத் தொழ எழும்பும்போது நானும் எழும்பி ஜெபிக்கிறேன். அணிநடைக் கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில். முதல் வாரம் அணி முழுவதும் இடப்பக்கம் திரும்ப, நானும் முப்லிஹாவும் மட்டும் வலப்பக்கம் திரும்பி மற்றவர்களை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது பழகிவிட்டது.

இங்கே வரும் கடிதங்களை அலுவலகத்தில் பிரித்துப் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் தருவார்கள். அதை மனதில் வைத்து எழுது. மாமியோடு கோபிக்காதே. அவவின் வாயைத் திறக்க வைப்பது உன் வேலை அல்ல.

அன்புடன்,
அக்கா


தில்லைத்துறை
2025 மார்ச் 10

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், ஆனால் ஒரு கடிதம் வந்திருக்கிறது. யார் பிரித்துப் படித்தாலும் உண்மை உண்மைதானே, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விதானையார் வந்தார். சித்தாண்டிக் கோயிலுக்குப் போய் வந்த திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும், “பாஸ்ரர், இது நான் எழுதின கடிதமில்ல. நான் கொண்டுவாற ஆள் மட்டும்தான்” என்றார்.

“தெரியும் ஐயா. இரிங்க, தேத்தண்ணி குடிப்பம்” என்றார் அப்பா.

அம்மா உள்ளேயிருந்து, “கடிதம் ஆறினா பரவாயில்ல, தேத்தண்ணி ஆறப்படா” என்றா. விதானையார் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் பிரதேச செயலகத்துக் கடிதத்தை எடுத்தார்.

நம் வீட்டு வளவில் இருக்கும் ஆராதனை மண்டபத்தைப் பற்றி யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்களாம். பன்னிரண்டு கேள்விகள் உள்ள படிவம் ஒன்று இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் வழிபாடு நடந்துவரும் கட்டடம் என்றால் பதிவு செய்தால் போதும். அதற்குப் பிந்தியது என்றால் முன்னனுமதி வேண்டும், கிடைக்கும்வரை யாரும் அங்கே கூடக் கூடாது. பதினோராம் கேள்வி இதுதான்: இக்கட்டடத்தில் வழிபாடு ஆரம்பித்த ஆண்டு.

நமக்குத் தெரியும், மண்டபம் கட்டியது 2019. அதற்கு முன் 2012இலிருந்து மாமி வீட்டுப் பூவரச மரத்துக்குக் கீழே பாயில் இருந்துதான் ஜெபித்தோம்.

விதானையார் குரலைத் தணித்தார். “ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு எண்டு போடுங்க பாஸ்ரர். ஆர் வந்து மரத்தையும் கட்டடத்தையும் அளக்கப் போறா? நான் ஒப்பம் வைக்கிறன்.”

அப்பா படிவத்தை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: “ஐயா, ஒவ்வொரு ஞாயிறும் உங்கட பேரைச் சொல்லி ஜெபிக்கிறம். பொய்க்கு உங்கட ஒப்பத்தை வாங்கிப்போட்டு, அடுத்த ஞாயிறு எந்த வாயால உங்கட பேரை எடுக்கிறது?”

விதானையார் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, “இந்தச் சபையில சேராமலே என்னை நல்லவனாக்கப் பாக்கிறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிவம் ஏப்ரல் நான்காம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருப்பதால் நான்தான் நிரப்பப் போகிறேன்.

பெருமையும் பயமுமாக,
நிருஷா


2025 மார்ச் 28

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அப்பா என்ன எழுதச் சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வேறொரு செய்தி. பயிற்சி முடியும் முன் எல்லோருடைய வீட்டுக்கும் ஊர்ப் பொலிசார் வந்து விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். குடும்பத்தில் வழக்கோ விசாரணையோ இருந்தால் நியமனம் நிற்கும். போன தொகுதியில் ஒரு பிள்ளைக்கு அப்படி நின்றதாம். இது உனக்குத் தகவலுக்கு மட்டும். அப்பாவிடம் சொல்லாதே. அவர் தீர்மானிப்பதற்கு நடுவில் நான் வந்து நிற்கக் கூடாது.

அம்மாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசு.

அன்புடன்,
அக்கா


தில்லைத்துறை
2025 ஏப்ரல் 7

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு வேப்பெண்ணெய் பூசினேன். வாவியில் இறால் நன்றாகப் படுகிறதாம். பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தினக் கட்டுரைப் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். படிவம் கொடுத்தாயிற்று. எல்லாம் சரி.

நிருஷா


2025 ஏப்ரல் 25

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு எப்படிப் போனது? இங்கே எனக்கு அன்று காலை இரண்டு மணி நேரம் தந்தார்கள். பக்கத்து ஊர்த் தேவாலய வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி என் சீருடையைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்று வழிவிட்டார். வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

உன் கடைசிக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடையில் வாங்கும் சாமான்களுக்குக்கூட முழுப் பக்கம் எழுதுகிறவள் நீ. இறாலைப் பற்றி எழுதியிருக்கிறாய். படிவத்தைப் பற்றி இரண்டே சொல். முதற் கடிதத்தில் நீ தந்த வாக்கை நான் மறக்கவில்லை. என்ன நடந்தது?

அக்கா


தில்லைத்துறை
2025 மே 6

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் சுகமில்லை.

பதினோராம் கேள்விக்கு அப்பா “இரண்டாயிரத்துப் பத்தொன்பது” என்று சொன்னார். நான் 2012 என்று எழுதினேன்.

மேசையில் உங்கள் மார்ச் மாதக் கடிதம் இருந்தது. வழக்கோ விசாரணையோ இருந்தால் நியமனம் நிற்கும் என்று நீங்கள் எழுதிய வரி எனக்குத் தெரிந்தது. நீங்கள் இரண்டு வருடம் பரீட்சைக்குப் படித்ததும், உயரம் போதாது என்று ஒருவர் சொல்ல அழுததும், மறுபடி அளந்தபோது போதுமென்று வந்ததும் நினைவுக்கு வந்தன. 2019 என்று போட்டால் விசாரணை வரும் என்ற பயத்தில் பேனை அப்பா சொன்னதை எழுதவில்லை. அப்பா கண்ணாடியைத் தேடிவிட்டு, “சரியா எழுதினியா புள்ள?” என்று கேட்டார். “ஓம் அப்பா” என்றேன். படிக்காமலே ஒப்பம் வைத்தார். என்னை நம்பித்தான் வைத்தார். விதானையார் படித்துப் பார்த்துவிட்டு, அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்து, ஒன்றும் பேசாமல் அவரும் வைத்தார்.

ஆட்கள் கூடத் தொடங்கியது 2012 தானே, அது பொய்யில்லை என்று எனக்கு நானே ஒரு மாதமாகச் சொல்கிறேன். ஆனால் கேள்வி கட்டடத்தைப் பற்றியது. எனக்கு வாசிக்கத் தெரியும்.

ஞாயிறு பெயர்க் கொப்பியில் விதானையாரின் பெயர் வரும்போது அப்பா அன்று சொன்னது காதில் கேட்கிறது. இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. நான் என்ன செய்ய?

நிருஷா


2025 ஜூன் 3

தங்கை நிருஷாவுக்கு,

ஸலாம் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியவில்லை, ஆகவே வணக்கம் என்றே எழுதுகிறேன். நான் முப்லிஹா, பிரஷாந்தியின் பக்கத்துக் கட்டில். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உங்கள் கடிதங்களை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். விதானையாரின் தேத்தண்ணியைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

அவள் இதை எழுத மாட்டாள், ஆகவே நான் எழுதுகிறேன். மே மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துப் படித்திருக்கிறார்கள். பிரஷாந்தியைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து பொய்யான படிவம் கொடுக்கப்பட்டது உண்மையா என்று கேட்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி நல்லவர். ‘சின்னப் பிள்ளை ஏதோ எழுதியிருக்கிறாள், உனக்குத் தெரியாது என்று சொல்’ என்பது போலவே கேட்டார். இவள் நேராக நின்று, “உண்மை சேர்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கான பெயர்ப் பட்டியல் போன வாரம் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. விசாரணை அறிக்கை வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நாங்கள் பயிற்சி எடுக்கும்போது அவள் ஓரமாக இருந்து எங்கள் இடுப்புப் பட்டிகளைத் துடைக்கிறாள். உங்களுக்கு எழுத மூன்று தரம் கடிதத் தாளை எடுத்தாள், மூன்று தரமும் மடித்து வைத்தாள். உங்கள் மீது கோபமில்லை. நீங்கள் உங்களையே குறை சொல்வீர்கள் என்ற பயம்.

நான் எழுதியது தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். பரவாயில்லை.

அன்புடன்,
முப்லிஹா


தில்லைத்துறை
2025 ஜூன் 17

அன்பு அக்காவுக்கு,

என்னை மன்னியுங்கள். சுகம் விசாரிக்கும் முன்பே இதைத்தான் எழுத வேண்டும்.

முப்லிஹா அக்காவின் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊசி நின்றது. ஏசுவார் என்று நினைத்தேன். “நான் வாசிச்சுப் பாக்காம ஒப்பம் வைச்சது முதல் பிழை. உன்ட ரெண்டாவது” என்றார். அவ்வளவுதான். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து பிரதேச செயலகத்துக்குப் போனேன். படகில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றபோது, திரும்பி வரும்போது அப்பா என்னோடு வருவாரா, அல்லது அங்கேயே பிடித்து வைப்பார்களா என்று நினைத்தேன். அலுவலகத்தில் அஜந்தா மிஸ் என்ற எழுதுநர் படிவத்தைத் தேடி எடுத்தா.

“மாத்த வந்த ஆக்களைக் கண்டிரிக்கன்” என்றா. “தங்களுக்கே கூடாத பக்கம் மாத்த வந்த ஆள் நீங்கதான் முதல்.”

நான் 2012ஐ வெட்டி 2019 என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் திகதியையும் போட்டேன். அப்பா ஒப்பம் வைத்தார், இந்தமுறை படித்துவிட்டு. இனி மண்டபம் மூட வேண்டி வரும் என்றும், முன்னனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், அது எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்றும் மிஸ் சொன்னா. திரும்பும் வழியில் விதானையாரின் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டோம். “என்ட ஒப்பமும் அதிலதானே பாஸ்ரர் இரிக்கி” என்று தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி, ரெண்டு பேரும் சேர்ந்து ஏச்சு வாங்குவம்” என்றார்.

சபையில் இதைச் சொன்னபோது நிலோஜன் அண்ணா எழுந்து நின்றார். இறால் பிடிக்கப் போகும் அண்ணாதான்.

“தேவனைக் கும்பிட மனுசன்கிட்ட அனுமதித் துண்டு வாங்கணுமா பாஸ்ரர்? பூட்டுப் போட்டா உடைப்பம்.”

“உடைச்ச பூட்டை மறுகா ஆர் வாங்கித் தாற? நீயா?” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சொன்னார்: “இஞ்ச பார் தம்பி. கட்டடத்தை மூடச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இரிக்கி. அந்தச் சட்டம் பிழை எண்டு நான் எழுதிக் கேப்பன், மேல போயும் கேப்பன், ஆனா மூடுவன். ஜெபிக்காத எண்டு சொல்ல மட்டும் ஆருக்கும் அதிகாரமில்ல. அப்பிடி ஒரு நாள் சொன்னா, மாட்டன் ஐயா எண்டு முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டு, தாற தண்டனையை வாங்குவன். ஒளிச்சு ஒண்டும் செய்ய மாட்டன்.”

“அப்ப ஞாயிறு?”

“உன்ட வீட்டில ரெண்டு குடும்பம், என்ட வீட்டில ரெண்டு குடும்பம். கதவு திறந்தபடி. ஆரும் கேட்டா ஓம் எண்டு சொல்லுவம்.”

நிலோஜன் அண்ணாவின் முகம் தெளியவில்லை. ஆனால் மறுபடி பாயில் இருந்துவிட்டார்.

இனி நேற்று நடந்தது. பின்னேரம் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்தது. “ஜெயரூபன் பாஸ்ரர் வீடு இதுவா? நான் சார்ஜன் றிஸ்வி. உங்கட மூத்த மகளைப் பத்தி விசாரிக்க வந்த” என்றார். அவர் கதிரையில் அமர்ந்து கொப்பியைத் திறக்கும் முன்பே அப்பா படிவத்தின் கதையைத் தொடங்கிவிட்டார்.

“பாஸ்ரர், ஒள்ளுப்பம் பொறுங்க. நான் கேக்காததுக்கும் பதில் சொன்னா என்ட பேனை முடிஞ்சு போயிரும்.”

அப்போதுதான் வேலியடியில் சத்தம். இரத்தினம்மா மாமி! தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல் ஓடி வந்து அப்பாவுக்கும் சார்ஜனுக்கும் நடுவில் நின்றா.

“இவரை ஏத்திட்டுப் போக விடமாட்டன். என்னை ஏத்துங்க. என்னைக் கொண்டு போங்க.”

அப்பா, “மாமி, ஒண்டுமில்ல” என்றார். அவவுக்குக் கேட்கவில்லை. சார்ஜன் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அம்மா, ஏத்திட்டுப் போக எனக்கு ஜீப்பே இல்ல. அங்க பாருங்க, மோட்டார் சைக்கிள். அதுவும் ஸ்டார்ட் எடுக்க நாலு உதை வேணும். நான் எழுத வந்த. எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் போவன்.”

மாமி கதிரையில் இருக்கவில்லை. கடைசிவரை நின்றபடியே இருந்தா. அவர் உண்மையாகவே வாசித்துக் காட்டினார். கடைசி வரி எனக்குப் பாடம்: ‘குடும்பத்தினர் தாங்கள் செய்த பிழையைத் தாங்களாகவே தெரிவித்துத் திருத்தியுள்ளனர்.’ பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நீயா எழுதின?”

“ஓம் சேர்.”

“கையெழுத்து வடிவா இரிக்கி. இனி அதை உண்மைக்கு மட்டும் பாவிச்சுக்கொள்.” போகும்போது அப்பாவிடம் கேட்டார்: “நீங்க பேர் சொல்லி ஜெபிக்கிறீங்களாம். அதில சார்ஜன்மாருக்கு இடமில்லையோ?”

அவர் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அக்கா, அறிக்கை நல்லது. ஆனால் அது போதுமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது என் கடிதம். அதையும் எழுதாமல் விட முடியவில்லை.

நிருஷா


2025 ஜூலை 12

என் தங்கச்சிக்கு,

நான் சுகம். இந்தமுறை இது உண்மை. போன கடிதங்களில் சப்பாத்து நல்லது என்று எழுதியது பொய். இரண்டு மாதம் குதிக்கால் புண்ணோடு நடந்தேன். உன்னிடம் உண்மை கேட்டுக்கொண்டு நானும் அம்மாவுக்காக மறைத்திருக்கிறேன், பார்.

முதலில் செய்தி: இரண்டாம் பட்டியல் நேற்று ஒட்டினார்கள். என் பெயர் இருக்கிறது. ஓகஸ்ட் 9 சனிக்கிழமை அணிவகுப்பு. அப்பாவும் அம்மாவும் வரலாம்.

முப்லிஹா எழுதியது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் சப்பாத்து இரண்டும் கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு கட்டிலடியில் இருந்தன. அதோடு முடிந்தது.

உன் கடிதம் என்னை நிறுத்தியது என்று நினைக்காதே. அதிகாரி கேட்டபோது ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. நீ எல்லாவற்றையும் மையால் எழுதி, பெயரும் போட்டு அனுப்பியிருந்தாய். பதினைந்து வயதுப் பிள்ளை எழுதியதை நான் எப்படி இல்லை என்று சொல்வது? சட்டத்தைக் காக்கும் வேலைக்கு வந்துவிட்டு, முதற் கேள்விக்கே பொய் சொல்லியிருந்தால் அணிவகுப்பில் சத்தியம் எடுக்கும்போது என் கை உயர்ந்திருக்காது.

மண்டபத்தை மூடப் போகிறார்களே. அந்தச் சீமெந்துத் தரைக்கு நானும் நீயும் வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

ஒரு வேண்டுகோள். கடைசி ஆராதனையில் பொலிசாரின் வரியிலிருந்து என் பெயரை விட்டுவிடு. மாமி வேலியடியில் ஓடி வந்த இடத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவ இருக்கும் இடத்தில் என் பெயரை அந்த வரிக்குக் கீழே வாசித்து அவவை வருத்த வேண்டாம்.

நிறைந்த அன்புடன்,
அக்கா


தில்லைத்துறை
2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

அப்பா சுகம். அம்மா அணிவகுப்புக்கு உடுத்தும் சேலையை மூன்று முறை மாற்றிவிட்டா, ஆகவே சுகம். நானும் சுகம். மண்டபத்து மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நாளை முதல், அனுமதி கிடைக்கும்வரை இங்கே கூடக் கூடாது என்று கட்டளை வந்திருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அப்பா சொல்ல நான் எழுதினேன். அப்பா இரண்டு தரம் படித்தார்.

இன்று பின்னேரம் கடைசி ஆராதனை. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். விதானையாரும் வந்து வெளியே மாமரத்துக்குக் கீழே சைக்கிளில் சாய்ந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, “நான் கட்டளை கொண்டு வந்த ஆள், பாஸ்ரர். இஞ்ச நிண்டே கேக்கிறன்” என்றார். நிலோஜன் அண்ணா அவருக்குக் கதிரை கொண்டுபோய்ப் போட்டார். பேசவில்லை. ஆனால் போட்டார்.

பெயர்க் கொப்பியைத் திறந்தேன். ஜனாதிபதி. ஆமென். கட்டளையில் ஒப்பம் வைத்தவரின் பெயரில் மட்டும் நின்றுவிட்டேன். அப்பா கண்ணை மூடியபடியே தலையை அசைத்தார், வாசி என்று. வாசித்தேன். ஆமென். பொறுப்பதிகாரி. சார்ஜன் றிஸ்வி. மாமியின் வாய் மூடியிருந்தது. நீங்கள் சொன்னபடி உங்கள் பெயரை விட்டுவிட்டு விதானையாரின் பெயருக்குப் போனேன்.

“புள்ள.”

இரத்தினம்மா மாமி. பாயில் இருந்தபடி.

“ஒரு பேரை விட்டுட்டாய்.”

“அக்காதான் மாமி விடச் சொன்னவ. உங்களுக்காக” என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. “அவள் ஆரு கா எனக்காக விட? நான் குளிப்பாட்டி வளர்த்த பொடிச்சி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆரையும் ஏத்திட்டுப் போகாம இரிக்கணும் எண்டு நான் ஜெபிக்காட்டி வேற ஆர் ஜெபிக்கிற? வாசி.”

கொப்பியில் எழுத்துகள் தெரியவில்லை. மனப்பாடமாகச் சொன்னேன்: பயிற்சியில் இருக்கும் எங்கள் பிரஷாந்தி.

மாமி ஆமென் சொன்னா. மற்றவர்களுக்கு முன்பே, தனியாக. பெரிய சத்தமில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். மாமரத்துக்குக் கீழேயிருந்தும் ஒரு குரல் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் நிச்சயமில்லை, ஆகவே அதை உண்மை என்று எழுதவில்லை.

பிறகு பாய்களைச் சுருட்டினோம். பெயர்க் கொப்பி என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு விறாந்தையில் வாசிப்பேன். சனிக்கிழமை நீங்கள் சத்தியம் எடுக்கும்போது, உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள ‘பயிற்சியில் இருக்கும்’ என்பதைச் சிவப்பால் வெட்டுவேன்.

சப்பாத்துக்குள் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
நிருஷா

பி.கு.: அப்பா திறப்போடு வாசலில் நிற்கிறார். “லைற்றை நூரு புள்ள, நேரமாகிது” என்கிறார். மிச்சத்தை வாசலுக்கு வந்து, வாவிப் பக்கத்து வெளிச்சத்தில் எழுதுகிறேன். மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மண்டபத்து விளக்குகள் ஆறும் அணைக்கப்பட்டன.